மிச்சமிருந்த ஒரு ஜோடி

தீவுக்கு வந்ததிலிருந்து டீச்சரின் கணவர் சண்டை போடாத ஆள் என்று மிச்சமிருந்தது ஓட்டல் ரிசப்ஷன்காரர் ஒருவர்தான். கடைசி நாள் மதியம் அந்தக் குறையும் தீர்ந்தது.

"மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போவோம்னு விளம்பரத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கீங்களா, இல்லையா?"

"போட்டிருக்கோம் சார். ஆனா இன்னிக்குக் காத்து சரியில்ல. எங்க படகு போகாது. நாளைக்குப் பார்க்கலாம்."

"நாளைக்குக் காலைல நாங்க கிளம்பறோம்யா!"

"அதுக்குக் காத்துகிட்டதான் சார் பேசணும்."

பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த டீச்சரின் தம்பி களுக்கென்று சிரித்துவிட்டான். டீச்சர் அவன் தொடையில் கிள்ளினாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். வருஷமெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைக் கட்டி மேய்த்துவிட்டு, விடுமுறையில் நாலு நாள் கடலைப் பார்த்தபடி சும்மா கிடக்கலாம் என்று வந்தாள். வந்த இடத்தில் மேய்க்க வேண்டியிருந்தது கணவரை. போதாக்குறைக்கு, வேலை மாறும் இடைவெளியில் சும்மா இருந்த தன் தம்பியையும் கூட்டி வந்திருந்தாள். மாமனுக்கும் மச்சானுக்கும் ஒரு மேஜையில் சோறு இறங்காது.

"மாமா, விடுங்க. கலெக்டர் வந்து சொன்னாக்கூட காத்து கேக்காது," என்றான் தம்பி.

"நீ வாயை மூடுறா. உனக்குக் கப்பல் வந்தாலும் பயம், கட்டுமரம் வந்தாலும் பயம்."

ரிசப்ஷன்காரர் குரலைத் தாழ்த்தினார். அவர் சொன்னது டீச்சரிடம், கணவரிடம் அல்ல.

"தென்னந்தோப்புக்கு அந்தாண்ட இன்னொரு ஜெட்டி இருக்கு மேடம். அங்க ஒரு கேப்டன் எந்தக் காத்துலயும் போவான். போகாதீங்கன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. போங்கன்னு சொல்ல மனசு இல்ல."

கணவருக்கு முதல் பாதி மட்டும் காதில் விழுந்தது.

தோப்பு முடிந்த இடத்தில் வெயில் பளீரென்று அறைந்தது. கருத்துப்போன பலகைகளாலான ஜெட்டி கடலுக்குள் நீண்டிருந்தது. அதன் முனையில் வெள்ளை ஃபைபர் படகு. நடுவில் ஸ்டியரிங், மேலே துணிக்கூரை, பின்பக்கம் ஒரு பெஞ்சு. அழுகிய கயிறும் டீசலும் கலந்த வாடை. ஜெட்டியின் தொடக்கத்தில், மீன் அள்ளுகிற நீல பிளாஸ்டிக் பெட்டி ஒன்று காலியாக, வெயிலில் காய்ந்து கிடந்தது.

காலி என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள்.

அடியில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. ஆண்கள் போடுகிற பழுப்புத் தோல் செருப்பு. பக்கிளில் உப்புப் பூத்திருந்தது. இரண்டும் ஒட்டி, நேராக, முனை கடலைப் பார்த்தபடி இருந்தன.

சொட்டச் சொட்ட நனைந்திருந்தன.

பெட்டி சுடுகிறது. பலகை சுடுகிறது. செருப்பிலிருந்து மட்டும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"வாங்க சார், வாங்க!" தொப்பியும் கறுப்பு ரப்பர் செருப்புமாக கேப்டன் படகிலிருந்து குதித்து வந்தான். பெட்டிக்குள் பார்த்தான். சிரிப்பு ஒரு நொடி நின்று, பிறகு மறுபடி ஓடியது. படகை இழுக்கும் கொக்கிக் கழியை எடுத்தான். கையால் தொடாமல் அந்தச் செருப்புகளைக் கோத்துத் தூக்கி, ஒவ்வொன்றாகக் கடலில் வீசினான்.

"யாரோடது?" என்றாள் டீச்சர்.

"யாரோ மறந்துட்டுப் போனது."

"ஈரமா இருக்கே?"

"கடலோரம் மேடம். வேற எப்படி இருக்கும்?" அவன் பேச்சை மாற்றினான். "நம்ம படகுல ஒரே ஒரு ரூல். எல்லாரும் செருப்பை இந்தப் பெட்டில போட்டுட்டு வெறுங்காலோட ஏறணும். திரும்பி வந்து அவங்கவங்க செருப்பை எடுத்துக்கணும். பெட்டி காலியாச்சுன்னா எல்லாரும் வந்தாச்சுன்னு அர்த்தம்."

"நாங்க பசங்களை டூர் கூட்டிட்டுப் போனா தலையை எண்ணுவோம்."

"தலை நகரும் மேடம். செருப்பு நகராது."

தன் வசனம் தனக்கே பிடித்துப்போய்ச் சிரித்தான். டீச்சர் சிரிக்கவில்லை. இப்போதுதான் இரண்டு செருப்பு பறந்ததைப் பார்த்திருந்தாள்.

"அப்ப உங்க செருப்பு?"

"எண்ணுறவனை யாரு மேடம் எண்ணப்போறா?"

தம்பி தன் பச்சை ரப்பர் செருப்பை உதறிப் போட்டான். டீச்சர் கறுப்புச் சாண்டல்ஸைக் கழற்றினாள். கணவர் மட்டும் ஷூ லேசை அவிழ்க்க மூச்சு வாங்கி, சாக்ஸை உருட்டி உள்ளே திணித்து, "இது என்ன கோயிலா?" என்று முணுமுணுத்தபடி போட்டார்.

கரை மறைந்தது. கேப்டன் ஓரிடத்தில் நங்கூரத்தை இறக்கினான். கொஞ்ச தூரத்தில் ஆரஞ்சு மிதவை ஒன்று தலையாட்டிக்கொண்டிருந்தது. "அதுக்குக் கீழ பாறை. மீன் குடும்பம் நடத்துற இடம்."

கணவர் இதற்கென்றே வாங்கிவந்த புதுத் தூண்டிலை ஒருபக்கம் வீசினார். தம்பி மறுபக்கம். டீச்சருக்கு ஒரு கயிற்றை முன்பக்கக் கம்பியில் கட்டிக் கொடுத்தான் கேப்டன். அவள் அதைத் தொடவில்லை. படகு ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்திருந்தது. ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு நடுத்தட்டில் படுத்துவிட்டாள்.

"அக்கா, நம்ம கலெக்டர் மாமா ஒரு சுறாவைப் பிடிச்சா எழுப்புறேன்."

"பிடிச்சு உன்னை இரையாப் போடுறேன்டா," என்றார் கணவர்.

காற்று விழுந்தது.

சட்டென்று. விசிறியை நிறுத்தியது போல. அலைகூடச் சத்தம் போடவில்லை.

"மாமா," என்றான் தம்பி. "எனக்கு இழுக்குது."

"எனக்கும்."

முன்பக்கக் கம்பி கிர்ரென்று முனகியது. டீச்சர் துணியை விலக்கினாள். மூன்று பக்கமும் போட்ட மூன்று கயிறுகளும் படகுக்கு அடியில் வந்து, ஒரே திசையில், மிதவையைப் பார்த்து விறைத்து நின்றன. தம்பி தன் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தான். நீரிலிருந்து அது மேலே வந்தது.

மூன்றும் ஒன்றாக வந்தன.

பின்னல். பள்ளிக்கூடத்துப் பெண்ணின் தலைப்பின்னல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரு பிசிறு இல்லாமல், நிதானமான விரல்கள் பின்னியது போல.

தம்பி இழுப்பதை நிறுத்தினான்.

"நீரோட்டம்," என்றான் கேப்டன். அவன் உதடு காய்ந்திருந்தது. இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். "அறுத்துட்டுக் கிளம்பலாம் சார். மழை வருது பாருங்க."

உண்மைதான். தொலைவில் கடலும் வானமும் சேருமிடத்தில் ஒரு சாம்பல் சுவர் எழும்பி நகர்ந்து வந்தது.

"அறுக்கிறதா? புதுத் தூண்டில்யா! போட்டு அரைமணி ஆகல!" கணவர் கத்தியைத் தள்ளிவிட்டார். "மிதவைல சிக்கியிருக்கு, அவ்வளவுதான். டேய் மாப்ளே, காலேஜ்ல நீச்சல்ல கப்பு வாங்கினேன்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் அளப்பியே. இறங்கி எடுத்துக் குடு பார்ப்போம்."

"வேண்டாம்," என்றாள் டீச்சர்.

"வேண்டாம் சார்," என்றான் கேப்டன்.

"பார்த்தியா, எல்லாரும் உனக்குச் சேர்த்துப் பயப்படுறாங்க."

தம்பியின் முகம் சிவந்தது. சட்டையைக் கழற்றினான். சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி அக்காவின் கையில் திணித்தான். கண்ணாடி இல்லாவிட்டால் தூணில் இடித்துக்கொண்டு தூணிடமே சாரி சொல்கிறவன்.

"ஆரஞ்சுக் கலர் தெரியுதுக்கா. அது போதும்."

குதித்தான்.

டீச்சர் எழுந்திருக்கப் பார்த்தாள். படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. ஓரத்தில் தொங்கி வாந்தி எடுத்தாள். நிமிர்வதற்குள் மழை வந்துவிட்டது. மிதவையைக் காணோம். கடலைக் காணோம். துணிக்கூரை மேல் கூழாங்கல் கொட்டுவது போலச் சத்தம். தலை சுற்றியது. கண்ணாடியைப் பையில் பத்திரமாகப் போட்டுவிட்டு அப்படியே சரிந்தாள்.

"அவன் வந்துட்டானா?" என்றாள் கண்ணை மூடியபடி.

பதிலுக்குப் பின்பக்க ஏணி கிறீச்சிட்டது. படகு பின்னால் தாழ்ந்தது. யாரோ ஏறினார்கள். தண்ணீர் பலகையில் கொட்டியது.

"ஏறிட்டியாடா?" கணவர் தூண்டில் கழியை உறையில் திணித்துக்கொண்டே கேட்டார். திரும்பவில்லை.

டொக். டொக்.

பலகையில் விரல்கணுவால் தட்டிய சத்தம்.

"ஏறிட்டான். விடுய்யா, கிளம்பு!"

கேப்டன் பின்னலை அறுத்துவிட்டான். நங்கூரம் ஏறியது. கேப்டன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்த்தான். பின்பெஞ்சில் ஒரு உருவம் இருந்தது. அவனுக்கு அது போதும். மழைக்குள் படகைத் திருப்பினான்.

வழியில் ஒருமுறை டீச்சர் கண் திறந்தாள். தம்பி பின்பெஞ்சில் அவளுக்கு முதுகு காட்டி, வந்த வழியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். தலையோடு ஒரு சாம்பல் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தான். மாமன் மேல் கோபம்.

"தலையைத் துவட்டுடா. சளி பிடிக்கும்."

அவன் திரும்பவில்லை. வலது கையை மட்டும் தூக்கி, கடலைப் பார்த்து மெல்ல ஆட்டினான்.

ரயிலில் போகிறவன் நடைமேடையில் நிற்பவனுக்குக் காட்டுவது போல.

டீச்சருக்குக் குமட்டியது. கடலாலா, அந்த வாடையாலா என்று தெரியவில்லை. அழுகிய கயிறு. ஜெட்டியில் அடித்த அதே வாடை, பக்கத்தில், ரொம்பப் பக்கத்தில்.

ஜெட்டியைத் தொட்டபோது மழை நின்றிருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கேப்டன் கயிற்றைக் கட்டி முடிப்பதற்குள் அந்த உருவம் இறங்கி முன்னால் போய்விட்டது. பெட்டியிடம் குனிந்தது. பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தது.

"பாரு, ஒரு வார்த்தை பேசாம போறான்," என்றார் கணவர். "உன் தம்பிக்கு ரோஷத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

டீச்சர் அந்தக் கால்களைப் பார்த்தாள். இடது காலில் வலது செருப்பு. வலது காலில் இடது. செருப்புப் போட்டே ரொம்ப நாளான ஆள் மாதிரி.

கணவர் உட்கார்ந்து ஷூவை மாட்டினார். அவள் சாண்டல்ஸை எடுத்தாள். பெட்டி காலி. கேப்டன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சுவிட்டான்.

"எல்லாரும் வந்தாச்சு."

கைக்குட்டைக்காக டீச்சர் பைக்குள் கையைவிட்டாள். விரலில் கண்ணாடி தட்டுப்பட்டது.

சோடாபுட்டிக் கண்ணாடி.

அவள் நிமிர்ந்தாள். இருட்டத் தொடங்கிய தோப்புக்குள், மரத்துக்கு மரம் விலகி, ஒரு வேரில்கூடத் தடுக்காமல், அந்த உருவம் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது.

"டேய்!" என்று கத்தினாள்.

அது நிற்கவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் போனது. மறுபக்கம் வரவில்லை.

"அது அவன் இல்ல."

"என்ன உளர்றே?"

"அது என் தம்பி இல்ல!" அவள் கண்ணாடியைக் கணவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது என்கிட்ட இருக்கு. அவன் எப்படி நடந்து போவான்? அவன் ஏறினதை நீங்க பார்த்தீங்களா? கண்ணால பார்த்தீங்களா?"

கணவர் பின்பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். நாலு நாளில் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

"தட்டினான்... நான் அவன்தான்னு..."

டீச்சர் கேப்டனிடம் திரும்பினாள். "படகை எடுங்க."

"செருப்பு போயிடுச்சு மேடம். பெட்டி காலி. கணக்கு சரியாத்தான்..."

"கணக்கா? எனக்கே கணக்கா? என் தம்பி கடல்ல கிடக்கிறான், நீ காலிப் பெட்டியைக் காட்டுறியா?" அவள் குரல் வகுப்பறையின் கடைசி பெஞ்சைத் தாண்டி, நாலு வகுப்புக்குக் கேட்கிற குரல். "மதியம் தூக்கி வீசினியே, அது யார் செருப்பு? உண்மையைச் சொல்லு!"

கேப்டன் தொப்பியைக் கழற்றினான்.

"போன சீசன்ல ஒருத்தர். தனியா வந்தாரு. கூட்டத்தோட கூட்டமா ஏத்திட்டுப் போனேன். எல்லாரும் குளிக்க இறங்கினாங்க, ஏறினாங்க. கரைக்கு வந்தா ஒரு ஜோடி மிச்சம் இருந்துச்சு."

"இருந்தும்?"

"மழை மேடம். அடுத்த பார்ட்டி காத்துட்டு இருந்தாங்க. யாரோ மறந்துட்டுப் போயிருப்பாங்கன்னு..."

"வீசிட்டே."

"கேட்டு வர ஆள் இல்ல. தனியா வந்தவரு."

"தனியா வந்தவன்னா மனுஷன் இல்லையா?"

கேப்டன் காற்றுக்கே கேட்காத குரலில் சொன்னான்.

"அதுலேர்ந்து ஒவ்வொரு டிரிப்புக்கும் அந்தச் செருப்பு பெட்டில இருக்கும். நனைஞ்சு, நேரா. நான் வீசுவேன். அடுத்த தடவை மறுபடி இருக்கும்."

டீச்சருக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வரவில்லை. காலிலிருந்து தலைக்குச் சூடாக ஒன்று ஏறியது. கடலில் விட்டு வந்த ஒருவன் 'நான் இன்னும் வரல' என்று தன் செருப்பைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கிறான். இவன் அதைக் கொக்கியால் தூக்கி எறிந்துகொண்டே இருக்கிறான். இன்றைக்கு அவனுக்குப் பொறுமை போய்விட்டது. தன் செருப்புக்கு மதிப்பில்லை என்று தெரிந்து, அடுத்தவன் செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் தன் சாண்டல்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் அடித்தாள். கணவரிடம் கை நீட்டினாள். "கழட்டுங்க."

"இப்ப எதுக்கு..."

"கழட்டுங்கன்னா கழட்டுங்க!"

ஷூக்கள் பெட்டியில் விழுந்தன.

"பெட்டி காலி இல்ல. யாரும் வரல. இதுதானே உன் ரூல்? இப்ப எடு படகை."

கேப்டன் எடுத்தான்.

கணவர் படகை நோக்கி ஓரடி வைத்தார். "நானும்..."

"நீங்க இங்கயே நில்லுங்க. இந்தப் பெட்டிக்குக் காவல் இருங்க. ஒரு வேலையாவது உருப்படியாச் செய்ங்க."

கடல் மை போலிருந்தது. கேப்டனின் கைவிளக்கு தண்ணீர்மேல் தடவித் தடவிப் போனது. டீச்சர் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். பெயரைச் சொல்லி, செல்லப்பெயரைச் சொல்லி, சின்ன வயதில் திட்டிய வசையைச் சொல்லி. குமட்டல் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபத்துக்கு முன் அது நிற்கவில்லை.

வெளிச்சத்தில் ஆரஞ்சு தெரிந்தது.

அதன்மேல் ஒரு கை.

இருவரும் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். தம்பியின் உதடு நீலமாகியிருந்தது. கயிற்றைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அக்காவின் மடியில் கிடந்தவனுக்கு வெகுநேரம் பல் தந்தியடித்தது.

"கத்தினேன்க்கா... கத்திக்கிட்டே இருந்தேன்..."

"பேசாதடா."

"படகு கிளம்பும்போது பின்னாடி ஒருத்தன் உக்காந்திருந்தான். கண்ணாடி இல்ல, முகம் தெரியல. ஆனா என்னைப் பார்த்துதான் உக்காந்திருந்தான். எனக்குத் தெரியும்." அக்காவின் கையைப் பிடித்தான். "கை ஆட்டினான்க்கா."

ஸ்டியரிங்கில் கேப்டனின் முதுகு விறைத்தது.

ஜெட்டியில் கணவர் அவர்கள் விட்டுப்போன இடத்திலேயே நின்றார். வெறுங்காலோடு, பெட்டிக்கு முதுகைக் காட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. தம்பியைக் கண்டதும் அவர் முகம் கோணியது. ஓடி வந்து கட்டிக்கொண்டார். நாலு நாளாக ஏறியிருந்த குரல் உடைந்து, "மாப்ளே, மாப்ளே," என்பது மட்டும் வந்தது. தம்பி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "தூண்டில் கிடைக்கல மாமா."

"பெட்டியைப் பார்த்துக்கிட்டீங்களா?" டீச்சரின் குரலில் இன்னும் ஈரம் வரவில்லை.

"நான் திரும்பல. சத்தியமாத் திரும்பல. யாரோ வந்தாங்க. பக்கத்துல நின்னாங்க. தண்ணி சொட்டுச்சு." அவர் கிசுகிசுத்தார். "ஏதோ வெச்சாங்க. ரெண்டு தடவை."

பெட்டிக்குள் அவளுடைய சாண்டல்ஸ். கணவரின் ஷூ. பச்சைச் செருப்பு, நனைந்து, இடம் வலம் மாறி.

அதற்குப் பக்கத்தில் பழுப்புத் தோல் செருப்பு.

ஒட்டி. நேராக. முனை கடலைப் பார்த்தபடி.

மூவரும் அவரவர் காலில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஜோடி மிச்சம் நின்றது. கேப்டனின் கை தானாகக் கொக்கிக் கழியைத் தேடிப் போனது. டீச்சர் கழியின்மேல் காலை வைத்து அழுத்தினாள்.

"தொடக்கூடாது."

"மேடம்..."

"ஒரு ஜோடி மிச்சம் இருக்கு. ஒரு ஆள் வரல. காலைல ரிசப்ஷன்ல சொல்லி, போலீஸைக் கூப்பிட்டு, எல்லாத்தையும் உன் வாயால சொல்ல வைக்கிறேன். அதுவரைக்கும் இந்தச் செருப்பு இங்க இருக்கணும்."

கேப்டன் தலையாட்டினான். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த படகைப் பார்த்தான்.

டொக். டொக்.

பின்பெஞ்சிலிருந்து வந்தது.

அங்கே யாரும் இல்லை. தார்ப்பாய் மட்டும் மடங்கிக் கிடந்தது.

டொக். டொக்.

யாரோ கூப்பிட்டது போல கேப்டன் நடந்தான். படகில் ஏறும் முன் நின்றான். இந்த ஜெட்டியில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தான். திரும்பி வந்து, தன் கறுப்பு ரப்பர் செருப்பைக் கழற்றி, பெட்டிக்குள் பழுப்புச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். வெறுங்காலோடு போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

"கேப்டன்! நில்லுங்க! இருட்டுல எங்க போறீங்க?" இப்போதுதான் டீச்சரின் குரலில் பயம் வந்தது.

"தேடிட்டு வந்துடறேன் மேடம்," என்றான் அவன். தூக்கத்தில் பேசுகிறவனின் குரல்.

எஞ்சின் சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

காலையில் வானம் துடைத்துவைத்தது போலிருந்தது. தம்பிக்குக் காய்ச்சல், கணவர் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, இரவெல்லாம் துணி நனைத்துப் போட்ட கையோடு தூங்கிப்போயிருந்தார். டீச்சர் ரிசப்ஷன்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு தோப்பைக் கடந்தாள்.

"ரெண்டு பேர் சார். போன சீசன்ல ஒருத்தர், நேத்து கேப்டன். உடனே ஆள் விட்டுத் தேடச் சொல்லுங்க."

"சொல்லிடலாம் மேடம், நீங்க பதட்டப்படாதீங்க..." என்றவர் தோப்பு முடிந்த இடத்தில் நின்றார். முகம் மலர்ந்தது. "அட! வீணாப் பயந்துட்டீங்களே. அதோ இருக்கானே."

படகு ஜெட்டியில் கட்டியிருந்தது. பின்பெஞ்சில் கேப்டனின் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே, அவர்களுக்கு முதுகு காட்டி, ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் வந்தாச்சு மேடம்," என்று சிரித்தார் ரிசப்ஷன்காரர்.

டீச்சர் பெட்டிக்குள் பார்த்தாள். பழுப்புச் செருப்பைக் காணோம்.

கறுப்பு ரப்பர் செருப்பு மட்டும் இருந்தது. வெயிலில் பெட்டி சுட்டது. செருப்பிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"அது கேப்டன் இல்ல," என்றாள்.

படகில் இருந்தவன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. வலது கையைத் தூக்கினான். யாருமில்லாத கடலைப் பார்த்து, மெல்ல, ஆட்டினான்.